நூல் விட்ட அக்கானியும் 490 நானோமீட்டரும்: கொழகொழப்பை அளந்த கதை

எங்க ஊரு மார்த்தாண்டத்துக்கும் களியக்காவிளைக்கும் நடுவுல, மெயின் ரோட்டுல இருந்து கொஞ்சம் உள்ள தள்ளி. பக்கத்து வீட்டு பாட்டா இன்னும் பனை ஏறுறவரு, வயசு எழுபது தாண்டியாச்சு. போன சித்திரையில ஒரு நாள் காலையில நான் காலேஜுக்கு கெளம்பிட்டு இருக்கும்போ ஒரு பாட்டில் அக்கானியோட வாசல்ல வந்து நிக்காரு. மத்த ஊர்க்காரங்களுக்காக சொல்றேன், அக்கானின்னா பதநீர் தான், எங்க பக்கத்துல அப்படித்தான் சொல்லுவோம்.

"பிள்ளே, நீ இந்த பூச்சியெல்லாம் பாக்குத படிப்பு தானே படிச்சே, இத கொஞ்சம் பாரு, நூலு விடுது"ன்னு சொல்லி பாட்டில சரிச்சு காமிச்சாரு. உண்மையாவே நூல் விட்டுச்சு. சக்கைப்பழம் வெட்டும்போ கையில ஒட்டுற பால் மாதிரி இல்ல, அதவிட மெலிசா, முட்டை வெள்ளைக்கரு மாதிரி கண்ணாடி நெறத்துல ஒரு இழை பாட்டில் வாய்ல இருந்து ஒரு சாண் நீளத்துக்கு எறங்கிட்டு அறாம ஆடிட்டே நின்னுச்சு. முந்தின நாள் மழையில கலயத்துல தேச்ச சுண்ணாம்பு கரைஞ்சு போயிருக்கு, இத காய்ச்சினா கருப்புக்கட்டி உறையவே இல்ல, பாகு மாதிரியே நிக்குதுன்னு அவருக்கு ரொம்ப வருத்தம். ஒரு நாள் உழைப்பு போச்சுல்ல.

நான் ஒரு காலேஜ் மைக்ரோபயாலஜி லேப்ல வேலை பாக்குறேன், எம்.எஸ்சி. முடிச்சு மூணு வருஷம் ஆச்சு. அந்த நூல பாத்ததுமே எனக்கு ஒரு பேர் தான் மனசுல வந்துச்சு, லியூகோநாஸ்டாக். சீனி ஆலைகள்ல கரும்புச்சாறு கொழகொழன்னு ஆகி பைப்பும் ஃபில்டரும் அடைக்கிறதுக்கு இதே பாக்டீரியா தான் காரணம். 1861லயே பாஸ்டர் இந்த கொழகொழப்பு நுண்ணுயிரால வருதுன்னு சொல்லிட்டாரு, 1874ல ஷெய்ப்ளர் அந்த கோந்துக்கு டெக்ஸ்ட்ரான்னு பேர் வச்சாரு, 1878ல வான் டீகெம் பாக்டீரியாவுக்கு லியூகோநாஸ்டாக் மெசென்டிராய்டிஸ்னு பேர் வச்சாரு. நம்ம இட்லி மாவு பொங்கி வர்றதுலயும் இதுக்கு பெரிய பங்கு உண்டு, அதனால இது நமக்கு ஒண்ணும் அந்நியம் இல்ல. சுக்ரோஸ் கெடைச்சா போதும், டெக்ஸ்ட்ரான்சுக்ரேஸ்ங்கிற என்சைமை வெளிய விட்டு, சுக்ரோஸை ரெண்டா ஒடச்சு, குளுக்கோஸ் பாதிய மாலை மாதிரி கோத்துட்டே போகும், ஃப்ரக்டோஸ் பாதிய விட்டுடும். அந்த மாலை தான் டெக்ஸ்ட்ரான், அது தான் பாட்டா காமிச்ச நூல்.

பாக்டீரியாவை பிரிச்சு எடுக்குறது லேசா முடிஞ்சுது, அதப் பத்தி அதிகம் சொல்லல. 10 சதவீதம் சுக்ரோஸ் போட்ட அகர்ல கோடு இழுத்து 28 டிகிரியில வச்சேன், ரெண்டு நாள்ல கண்ணாடி கோலிக்குண்டை பாதியா வெட்டி கவுத்து வச்ச மாதிரி பளபளன்னு கூம்பு கூம்பா காலனி. அதே பாக்டீரியாவ சுக்ரோஸுக்கு பதிலா குளுக்கோஸ் போட்ட அகர்ல போட்டா குண்டூசித் தலை அளவுக்கு தட்டையா சும்மா கெடக்கும். கிராம் பாசிட்டிவ், ஜோடியும் சங்கிலியுமா உருண்டை, கேட்டலேஸ் நெகட்டிவ், வான்கோமைசின் டிஸ்க் சுத்தி தாராளமா வளருது. 16எஸ் சீக்வென்சிங், அதாவது பாக்டீரியாவோட மரபணு வரிசைய படிக்கிற சோதனை, பண்ணாம ஸ்பீஷீஸ் பேர் எழுதக்கூடாதுன்னு சார் கண்டிப்பு, அதனால லாக் புக்ல 'லியூகோநாஸ்டாக் வகை, அக்கானி 1'ன்னு மட்டும் எழுதினேன்.

அதுக்கப்புறம் தான் கேள்வி. கொழகொழன்னு இருக்குங்கிறது சரி, எவ்வளவு இருக்கு? ஒரு லிட்டர்ல எத்தன கிராம்? இந்த ஒரு நம்பருக்காக ஏழு வாரம் ஆச்சு. மைக்ரோபயாலஜி படிக்கிற பிள்ளைங்க புராஜெக்ட்ல ஈ.பி.எஸ்., அதாவது பாக்டீரியா வெளிய விடுற இந்த மாதிரி கோந்து, அளக்கணும்னு வரும்போ நான் பட்ட பாடு அவங்க படக்கூடாதுன்னு தான் இத இவ்வளவு விவரமா எழுதுறேன்.

எங்க லேப்ல இருக்குறது ஃபீனால் சல்பியூரிக் ஆசிட் முறை. டுபாய்ஸும் கூட நாலு பேரும் சேந்து 1956ல வெளியிட்டது, எங்க கன்னியாகுமரி மாவட்டம் திருவிதாங்கூர் பக்கத்துல இருந்து பிரிஞ்சு தமிழ்நாட்டோட சேந்த அதே வருஷம், அதனால எனக்கு வருஷம் மறக்கவே மறக்காது. விஷயம் எளிமை தான். 1 மி.லி. சாம்பிள், 1 மி.லி. 5 சதவீத ஃபீனால், அது மேல 5 மி.லி. அடர் சல்பியூரிக் ஆசிட். ஆசிட் விழுந்த சூட்டுல பாலிசாக்கரைடு, அதாவது சர்க்கரை மாலை, எல்லாம் தனித்தனி சர்க்கரையா ஒடஞ்சு, தண்ணி இழந்து ஃபர்ஃபுரால் வகை பொருளா மாறி, அது ஃபீனாலோட சேந்து மஞ்சள் ஆரஞ்சு நெறம் குடுக்கும். அந்த நெறம் ஒளிய எவ்வளவு உறிஞ்சுதுன்னு ஸ்பெக்ட்ரோஃபோட்டோமீட்டர்ல பாக்கணும், ஒளியோட அலைநீளம் குளுக்கோஸ் மாதிரி ஆறு கார்பன் சர்க்கரைக்கு 490 நானோமீட்டர், அஞ்சு கார்பன் சர்க்கரைக்கும் யூரானிக் ஆசிடுக்கும் 480. அரை மணி நேரத்துல ரீடிங் கையில.

முதல்ல 20ல இருந்து 100 மைக்ரோகிராம் வரைக்கும் குளுக்கோஸ் ஸ்டாண்டர்டு, அதாவது அளவு தெரிஞ்ச கரைசல், போட்டேன். முதல் தடவை சர்க்கரையே இல்லாத மூணு பிளாங்க் வச்சதுல ரெண்டு 0.00, மூணாவது 0.24. வெறும் டிஸ்டில்டு வாட்டர்ல எப்படி சர்க்கரை வரும்? டியூப ஜன்னல் வெளிச்சத்துல புடிச்சு பாத்தா நெறம் சமமா இல்ல, அடியில ஒரு எடத்துல மட்டும் அடர்த்தியா ஆரஞ்சு திட்டு. கழுவின டியூப டிஷ்யூ பேப்பர் விட்டு தொடச்சிருக்கேன், அதுல இருந்து ஒரு நார் ஒட்டியிருக்கு. டிஷ்யூ பேப்பர்னா செல்லுலோஸ், செல்லுலோஸ்னா குளுக்கோஸ் மாலை, ஆசிட் அதையும் விட்டு வைக்காது. மைக்ரோபயாலஜி லேப்ல இன்னொரு ஆபத்து என்னன்னா எல்லா டியூபுக்கும் பஞ்சு அடைப்பு வச்சு பழக்கம், பஞ்சும் அதே செல்லுலோஸ் தான். அன்னைக்கே முப்பது டியூப தனியா பிரிச்சு, கழுத்துல பெயின்ட்ல ஒரு கோடு போட்டு, இந்த வேலைக்கு மட்டும்னு வச்சுட்டேன், கழுவி அலுமினியம் ஃபாயில் மேல கவுத்து தானா காயணும், துணியோ பேப்பரோ பஞ்சோ கிட்ட வரக்கூடாது.

ஆசிட் ஊத்துற விதத்துக்கும் நெறத்துக்கும் நேரடி சம்பந்தம் இருக்கு, இத யாரும் எனக்கு சொல்லித் தரல. டியூப் சுவத்துல வழிய விட்டு பையப் பைய ஊத்தினா ஆசிட் அடியில போயி தங்கிடும், சூடு ஒரே சீரா வராது, ஒரே சாம்பிள மூணு டியூப்ல போட்டா மூணு ரீடிங் வரும். திரவத்தோட மேல்பரப்புக்கு நேரா, ஒரே வேகத்துல, மொத்த 5 மி.லி.யும் ஒரே மூச்சுல விழணும், அப்போ தான் டியூப் கையில புடிக்க முடியாத சூடாகி எல்லாத்துலயும் ஒரே மாதிரி வேலை நடக்கும். நான் பாட்டில் மேல மாட்டுற டிஸ்பென்சர் வச்சு பண்ணேன், அது இல்லாதவங்க பெரிய வாய் பிப்பெட்ல பல்ப் மாட்டி பண்ணலாம், வாயால உறிஞ்சுறத கனவுல கூட நெனைக்காதீங்க. 10 நிமிஷம் விட்டு, குலுக்கி, அப்புறம் தண்ணித் தொட்டியில 20 நிமிஷம். ஸ்பெக்ட்ரோல வைக்கிற சின்ன கண்ணாடி பெட்டியான குவெட்ல ஊத்தினதும் அவசரப்பட்டு ரீடிங் எடுக்கக்கூடாது, உத்துப் பாத்தா உள்ள வெயில்ல தார் ரோட்டு மேல தெரியுற கானல் மாதிரி நெளிஞ்சு நெளிஞ்சு ஒண்ணு ஓடிட்டே இருக்கும், சுவத்துல கடுகுல நாலுல ஒரு பங்கு அளவுக்கு குமிழ் ஒட்டி நிக்கும், ரெண்டும் அடங்குற வரைக்கும் காத்திருந்தா தான் முள்ளு நெலையா நிக்கும். ஸ்டாண்டர்டு சரியா வந்த அன்னைக்கு 20க்கு 0.20, 60க்கு 0.60, 100க்கு 0.99. அந்த நேர்கோட்ட கிராஃப் ஷீட்ல இழுக்கும்போ வந்த சந்தோஷம் இன்னும் மறக்கல.

ஃபீனால் பத்தி ஒரு வார்த்தை. பழசானா இளஞ்சிவப்பா மாறும், அப்படி மாறினத பிளாங்க்லயே கண்டுபிடிச்சிடலாம், தூக்கிப் போட்டு புதுசு கரைச்சுக்கோங்க. ஒரு நாள் கிளவுஸ்ல இருந்த கண்ணுக்கு தெரியாத ஓட்டை வழியா விரல் நுனியில ஒரு துளி பட்டுச்சு, வலியே இல்ல, தோல் வெள்ளையா சுருங்கி மரத்துப் போச்சு, வலி அப்புறம் தான் வந்துச்சு. வலிக்கலங்கிறதால விட்டுடாதீங்க, அது நரம்ப மரத்துப் போக வச்சுட்டு உள்ள எறங்குற பொருள். உடனே பைப் தண்ணியில நிறைய நேரம் கழுவணும், லேப்ல பாலிஎத்திலீன் கிளைகால் 400 ஒரு பாட்டில் இருந்தா நல்லது, டாக்டர்கிட்டயும் காமிக்கணும். எங்க லேப்ல இப்போ அந்த பாட்டில் ஃப்யூம் ஹூட் பக்கத்துலயே இருக்கு.

இப்போ நான் பண்ண பெரிய தப்புக்கு வரேன். 24 மணி நேரம் வளந்த கல்ச்சர், பி.எச். 6.9ல இருந்து 4.6க்கு எறங்கியாச்சு, ஃபிளாஸ்க சாய்ச்சா கஞ்சி மாதிரி வருது. அத அப்படியே ஆயிரம் மடங்கு தண்ணியில கலக்கி டெஸ்ட் போட்டேன், 0.93, ஸ்டாண்டர்டு கோட்டுல 93 மைக்ரோகிராம். ஆயிரத்தால பெருக்கினா லிட்டருக்கு 93 கிராம்! நான் லாக் புக்க தூக்கிட்டு சார் ரூமுக்கு ஓடினேன். சார் ஒரு நிமிஷம் பாத்துட்டு "மீடியத்துல எவ்வளவு சுக்ரோஸ் போட்டே?"ன்னு கேட்டாரு. லிட்டருக்கு 100 கிராம்னேன். "சரி, சுக்ரோஸ்ல டெக்ஸ்ட்ரானா மாறக்கூடியது எவ்வளவுன்னு கணக்கு போடு"ன்னாரு. சுக்ரோஸ் மூலக்கூறு எடை 342, அதுல மாலையில சேர்ற குளுக்கோஸ் துண்டு 162. 342ல 162ன்னா 47 சதவீதம். அதாவது ஒரு துளி கூட வீணாகாம எல்லா சுக்ரோஸும் மாறினாலும் லிட்டருக்கு 47 கிராம் தாண்டவே முடியாது. நான் 93 எழுதி வச்சிருக்கேன். "பாக்டீரியா போடாத மீடியத்தை இதே மாதிரி டெஸ்ட் பண்ணிட்டு வா"ன்னு அனுப்பிட்டாரு. பண்ணேன், 0.97.

எனக்கு அன்னைக்கு தான் உறைச்சுது. இந்த முறை சர்க்கரை எவ்வளவுன்னு சொல்லும், யாரோட சர்க்கரைன்னு சொல்லாது. மிச்ச சுக்ரோஸ், ஒடஞ்சு வெளிய வந்த ஃப்ரக்டோஸ், ஈஸ்ட் எக்ஸ்ட்ராக்ட்ல இருக்குற மன்னான், செத்த செல்லோட நியூக்ளிக் ஆசிட்ல இருக்குற ரைபோஸ், பஞ்சு நார், எல்லாம் அதே ஆரஞ்சு தான். நான் அளந்தது மீடியத்தை.

சரி, பிரிச்சு எடுத்துட்டு அளக்கணும். கொழகொழன்னு இருக்குற கல்ச்சர அப்படியே சென்ட்ரிஃபியூஜ் பண்ணா செல் அடியில எறங்காது, தேன்ல மண்ணு போட்ட மாதிரி அந்தரத்துல தொங்கும், அதனால 10 மி.லி. கல்ச்சருக்கு 30 மி.லி. தண்ணி ஊத்தி கலக்கிட்டு 10,000 ஆர்.பி.எம்.ல 20 நிமிஷம், குளிர்ல. மேல இருக்குற தெளிவு 40 மி.லி.யில 10 மி.லி. 20 சதவீத டிரைகுளோரோ அசிட்டிக் ஆசிட் (டி.சி.ஏ.) ஊத்தினா கடைசி அளவு 4 சதவீதம், ஐஸ்ல அரை மணி நேரம் வச்சா புரோட்டீன் வெள்ளையா திரண்டு வரும், அதையும் சுத்தி எறக்கிடலாம். அப்புறம் ஃப்ரிட்ஜ்ல இருந்து எடுத்த குளிர்ந்த எத்தனால் ரெண்டு மடங்கு.

எத்தனால் ஊத்துற அந்த நிமிஷத்த ஒவ்வொரு தடவையும் நின்னு பாப்பேன். முதல்ல ஒண்ணும் ஆகாது, எண்ணெயும் தண்ணியும் கலக்குற மாதிரி நெளிவு தான் தெரியும். கண்ணாடிக் குச்சிய வச்சு பைய ஒரே பக்கமா கலக்கினா, தெளிவா இருந்த திரவத்துக்குள்ள பால் மாதிரி ஒரு மேகம், அந்த மேகம் சுருங்கி இழை இழையா பிரிஞ்சு, இழையெல்லாம் குச்சிய சுத்தி சுத்தி ஏறும், கடைசியில குச்சி நுனியில ஈர வெள்ளைப் பஞ்சு உருண்டை ஒண்ணு. பாட்டா காமிச்ச நூல் இது தான், தண்ணி கழண்டு போன நூல். ஆல்கஹால் ரெஜிஸ்டர்ல கையெழுத்து போட்டு அளந்து வாங்குற எத்தனால் இவ்வளவு செலவாகுதேன்னு கவலைப்படுறவங்க ஐசோபுரப்பனால் வச்சும் பண்ணலாம், வேலை நடக்கும்.

ராத்திரி முழுக்க 4 டிகிரியில வச்சு, மறுநாள் அடியில திரண்ட கட்டிய, அதாவது பெல்லட்ட, தண்ணியில கரைச்சு டெஸ்ட் போட்டேன். லிட்டருக்கு 20.6 கிராம். இந்த தடவை புத்தியா பாக்டீரியா போடாத மீடியத்தையும் அதே வழியில கொண்டு போயிருந்தேன், சென்ட்ரிஃபியூஜ், டி.சி.ஏ., எத்தனால் எல்லாம். அதுல கிட்டத்தட்ட ஒண்ணுமே இல்ல. அப்போ 20.6 சரின்னு தானே யாருக்கும் தோணும்? எனக்கும் தோணுச்சு, லாக் புக்ல சிவப்பு மையில கட்டம் கூட போட்டேன்.

அந்த வாரம் பெல்லட்ட ஃப்ரீஸ் டிரை பண்றதுக்காக, அதாவது உறைய வச்சு காய வைக்கிறதுக்காக, திருவனந்தபுரத்துல ஒரு லேபுக்கு கொண்டு போனேன், எங்க லேப்ல அந்த மெஷின் இல்ல. குழித்துறையில ஏறினா பாறசாலை, நெய்யாற்றின்கரை தாண்டி ஒரு மணி நேர ரயில் தான், ஐஸ் பெட்டிய மடியில வச்சுட்டு போனேன். அங்க மெஷின் பாத்துக்குற சேச்சி இருபது வருஷமா இதே கோந்து வேலையில இருக்கவங்க. காஞ்சு வந்தத வெளிச்சத்துல வச்சு பாத்துட்டு, அவங்க மலையாளத் தமிழ்ல "மோளே, இது பஞ்சு மாதிரி லைட்டா வரணும், இது பிசுக்குன்னு இருக்கு, உள்ள சீனி உண்டு"ன்னாங்க. சேச்சி, மீடியம் கன்ட்ரோல்ல ஒண்ணும் வரலியேன்னு கேட்டேன். "உன் கன்ட்ரோல்ல கோந்து இல்லியே, சீனி எதுல போய் ஒளியும்?"

இந்த ஒரு கேள்வி தான் ஏழு வாரத்துல நான் படிச்ச பாடம் அத்தனையும். கோந்து திரண்டு வரும்போ தன்னை சுத்தி இருக்குற சுக்ரோஸையும் ஃப்ரக்டோஸையும் உள்ள சுருட்டிட்டு வருது. கோந்து இல்லாத மீடியத்துல எத்தனால் ஊத்தினா சுருட்டுறதுக்கு ஆள் இல்ல, சுக்ரோஸ் எல்லாம் கரைஞ்சபடியே மேல போயிடுது, கன்ட்ரோல் சுத்தமா வருது. அதனால அந்த கன்ட்ரோல் எனக்கு தேவையான கேள்விய கேக்கவே இல்ல. வேண்டிய கன்ட்ரோல் என்னன்னா, பாக்டீரியா போடாத மீடியத்துல எடை போட்டு டெக்ஸ்ட்ரான் கலந்து, அத மொத்த வழியிலயும் கொண்டு போறது.

திரும்பி வந்து அதையே பண்ணேன். 10 மி.லி. மீடியத்துல கடையில வாங்கின டெக்ஸ்ட்ரான் 150 மி.கி., அதாவது லிட்டருக்கு 15 கிராம். ஒரு தடவை எத்தனால் மட்டும் போட்டு அளந்தா 19 கிராம் காமிச்சுது. போட்டது 15, எடுத்தது 19! இல்லாத 4 கிராம் எங்க இருந்து வந்துச்சுன்னு இனி நான் சொல்ல வேண்டியதில்ல. சிவப்பு கட்டத்த பேனாவால குறுக்க அடிச்சேன்.

அதுக்கப்புறம் முறைய மாத்தினேன். முதல் பெல்லட்ட 20 மி.லி. இளஞ்சூட்டுத் தண்ணியில நல்லா கரைச்சு, கட்டி இல்லாம, இதுக்கு ரெண்டு மணி நேரம் கூட ஆகும், பொறுமையா கலக்கணும், மறுபடி ரெண்டு மடங்கு எத்தனால். ரெண்டாவது பெல்லட்ட கரைச்சு டயாலிசிஸ் டியூப்ல ஊத்தி, 12,000ல இருந்து 14,000 டால்டன் கட் ஆஃப், அதாவது சின்ன சர்க்கரை வெளிய போயிடும், பெரிய கோந்து உள்ளயே நிக்கும், குளிர்ல ரெண்டு நாள், தண்ணி ஆறு தடவை மாத்தி. டயாலிசிஸ் டியூபே செல்லுலோஸ்ல செஞ்சது தான், அதனால முன்னாடியே சோடியம் பைகார்பனேட்டும் இ.டி.டி.ஏ.வும் போட்ட தண்ணியில கொதிக்க வச்சு கழுவிட்டு தான் எடுத்தேன். ரெண்டு நாள் போதுமான்னு எப்படி தெரியும்? வெளிய இருக்குற தண்ணியில 1 மி.லி. எடுத்து அதே ஃபீனால் டெஸ்ட் போடுங்க. நெறம் வந்தா இன்னும் சர்க்கரை வெளிய வந்துட்டு இருக்கு, தண்ணிய மாத்துங்க. அஞ்சாவது தண்ணியில எனக்கு நெறம் வர்றது நின்னுச்சு, ஆறாவது மாத்தினது மனசு திருப்திக்கு.

இன்னொரு எடத்துலயும் நிறைய பேருக்கு கணக்கு தப்புது. பை உள்ள 20 மி.லி. ஊத்தினேன், ரெண்டு நாள் கழிச்சு 26 மி.லி. இருந்துச்சு, வெளித்தண்ணி உள்ள ஏறும். 20ன்னு நெனச்சு பெருக்கினா கால் பங்கு காணாம போயிடும். நான் பைய வழிச்சு, கழுவின தண்ணியும் சேத்து, ஸ்டாண்டர்டு ஃபிளாஸ்க்ல சரியா 50 மி.லி. ஆக்கிட்டேன். டியூப் முடிச்சு போடும்போ மேல கொஞ்சம் வெத்தா எடம் விடணும், நிறைய ஊத்தி இறுக்கிக் கட்டின பை ஒண்ணு முதல் ராத்திரியே வெடிச்சு அந்த வார வேலை மொத்தமும் தொட்டியில கரைஞ்சு போச்சு.

கலந்து வச்ச டெக்ஸ்ட்ரான்ல இந்த தடவை கெடைச்சது 13.3 கிராம், போட்டதுல 89 சதவீதம், இதுக்கு பேர் தான் மீட்பு. நம்பத் தகுந்த நம்பர் இது, கொஞ்சம் கொறையும், போட்டத விட அதிகமா வராது. கல்ச்சரோட 50 மி.லி.ய இன்னும் 50 மடங்கு கலக்கி போட்டதுல 0.62, மூணு டியூபும் ரெண்டாவது தசமத்துல ஒண்ணு மேல கீழ. 62 மைக்ரோகிராம், அத 50ஆல, அப்புறம் 10 மி.லி.ய 50 ஆக்கினதுக்காக 5ஆல பெருக்கினா லிட்டருக்கு 15.5 கிராம். இது குளுக்கோஸ் கணக்கு. மாலையில கோத்த ஒவ்வொரு குளுக்கோஸும் ஒரு தண்ணி மூலக்கூற எழந்திருக்கு, 180 இல்ல 162, அதனால 0.9ஆல பெருக்கணும், 13.95. லாக் புக்ல 14.0ன்னு எழுதி, பக்கத்துலயே மீட்பு 89 சதவீதம்னும் எழுதினேன். மீட்ப வச்சு திருத்தினா 15.7 வரும், ஆனா திருத்தாத நம்பரையும் மீட்பையும் தனித்தனியா குடுக்குறது தான் நேர்மைன்னு எனக்கு படுது, படிக்கிறவங்க அவங்களே கணக்கு போட்டுக்கலாம்.

93, அப்புறம் 20.6, அப்புறம் 14. மூணும் ஒரே ஃபிளாஸ்க், ஒரே ஃபீனால், ஒரே ஸ்பெக்ட்ரோ. முறையில குத்தமே இல்ல, டியூபுக்குள்ள நான் எத விட்டேங்கிறதுல தான் மொத்த வித்தியாசமும். பேப்பர்ல 'ஈ.பி.எஸ். ஃபீனால் சல்பியூரிக் முறையில அளக்கப்பட்டது'ன்னு ஒரே வரியில எழுதிட்டு போறத பாத்தா இப்போ எனக்கு மனசு கேக்க மாட்டேங்குது, பிரிச்சது எப்படி, எத்தன தடவை எத்தனால், டயாலிசிஸ் உண்டா, கலந்து பாத்த மீட்பு எவ்வளவு, இதெல்லாம் இல்லாம அந்த நம்பர வச்சு என்ன பண்ண முடியும்?

உறுதிக்கு ஆந்த்ரோன் முறையிலயும் ஒரு தடவை பாத்தேன், 0.2 சதவீதம் ஆந்த்ரோன சல்பியூரிக் ஆசிட்ல அன்னன்னைக்கு புதுசா கரைச்சு, பச்சை கலந்த நீலம், 620 நானோமீட்டர். 13.6 வந்துச்சு, பக்கத்துல தான். டி.என்.எஸ்.ங்கிற இன்னொரு நெற முறைய வச்சு அளக்கலாமான்னு ஜூனியர் பிள்ளை ஒருத்தி கேட்டா. டி.என்.எஸ். ரெட்யூசிங் சர்க்கரைய மட்டும் தான் பாக்கும், சுக்ரோஸ் அதுக்கு தெரியாது, டெக்ஸ்ட்ரான் மாலையில ஒரே ஒரு நுனி தான் தெரியும். வெளிய வந்த ஃப்ரக்டோஸ அளந்து அதுல இருந்து டெக்ஸ்ட்ரான கணக்கு போடலாம்னு தோணும், ஆனா இந்த பாக்டீரியா ஃப்ரக்டோஸ எடுத்து மானிட்டாலா மாத்திடும், கணக்கு கொறையும். அதே மாதிரி எனக்கு குளுக்கோஸ் ஸ்டாண்டர்டு பொருந்தினது டெக்ஸ்ட்ரான் முழுக்க குளுக்கோஸா இருக்கறதால தான். சாந்தான் மாதிரி மேனோஸும் குளுகுரோனிக் ஆசிடும் கலந்தத அளக்குறவங்க அதே கலவையில ஸ்டாண்டர்டு போடணும், யூரானிக் ஆசிட தனியா வேற முறையில பாக்கணும். அகர் தட்டுல இருந்து சுரண்டி எடுத்து அளக்கவே அளக்காதீங்க, அகரும் பாலிசாக்கரைடு தான்.

வேலை முடிஞ்ச ஆசிட் கழிவ சிங்க்ல ஊத்தாதீங்க. அதுல ஃபீனால் இருக்கு. நான் கண்ணாடி பாட்டில்ல சேத்து, மூடிய லூசா வச்சு, லேபிள் ஒட்டி, கெமிக்கல் கழிவு எடுக்க வர்றவங்ககிட்ட குடுக்குறேன்.

கடைசியா பாட்டாவோட பாட்டில். அன்னைக்கே 50 மி.லி. தனியா எடுத்து உறைய வச்சிருந்தேன், முறை கைக்கு வந்தப்புறம் தான் தொட்டேன். அக்கானியிலயும் லிட்டருக்கு 100 கிராமுக்கு மேல சுக்ரோஸ் இருக்கும், முதல்லயே இத அளந்திருந்தா என்ன நம்பர் எழுதியிருப்பேனோ. ரெண்டு தடவை எத்தனால், ரெண்டு நாள் டயாலிசிஸ், வந்தது லிட்டருக்கு 2.8 கிராம். அவ்வளவு தான். ஒரு சாண் நூல் தொங்குறதுக்கு ஒரு லிட்டர்ல மூணு கிராம் கூட வேண்டாம்.

சாயங்காலம் போயி பாட்டாகிட்ட சொன்னேன். திண்ணையில கலயத்த கவுத்து வச்சு உள்ள தேச்சுட்டு இருந்தாரு. அப்போ பாகு உறையாம போனதுக்கு இந்த மூணு கிராம் நூலு தான் காரணமான்னு கேட்டாரு. நூல் மட்டும் இல்ல பாட்டா, மிச்ச சீனியும் ரெண்டா ஒடஞ்சு போயிருக்கு, ஒடஞ்ச சீனி உறையாது, சுண்ணாம்பு இருந்தா இந்த பூச்சிக்கு வயித்துல புளி கரைக்கும், வேலை செய்யாதுன்னேன். அவரு கலயத்துக்குள்ள விரல விட்டு ஒரு தடவை சுத்தி வழிச்சு, ரெண்டு விரல ஒட்டி ஒட்டி பிரிச்சு பாத்தாரு. "கழுவின பெறவும் இதுல வழுக்கல் இருக்கு பிள்ளே, வெந்நி ஊத்தாம போகாது"ன்னாரு.

அந்த வழுக்கல பஞ்சு இல்லாத குச்சியில தான் வழிச்சு எடுத்தேன். ஒரு கலயத்துல பச்சத்தண்ணி, ஒரு கலயத்துல வெந்நி, ரெண்டுலயும் ஒரே அளவு சுண்ணாம்புன்னு இப்போ பாட்டா தனித்தனியா கட்டுறாரு, காலையில ஆறு மணிக்கு ரெண்டு பாட்டில் வாசல்ல இருக்கும், ஐஸ் பெட்டியில வச்சு பஸ் ஏறுறேன்.